திருப்பி மாட்டிய சுருள்

ஒரு பரோட்டாக் கடையின் பில் மெஷினுக்குள் கண்ணும் தலையும் குடியிருந்தன. கண்ணுக்கு ஒரே வேலைதான். அது ஒளியை வீசும். வெள்ளைக் காகிதத்தில் பட்டு ஒளி திரும்பி வந்தால், "ஆள் இருக்கு" என்று சொல்லும். உடனே தலை சூடாகி, அந்தச் சூட்டாலேயே காகிதத்தில் எழுதும்.

அன்று முதலாளி எட்வின் போனைப் பார்த்துக்கொண்டே புதுக் காகிதச் சுருளை மாட்டினார்.

"ஆள் இருக்கு" என்றது கண்.

தலை பரோட்டா, ஆம்லெட் என்று சுடச்சுட எழுதியது. பில் வெறும் வெள்ளையாக வெளியே போனது. மறுபடி எழுதியது. மறுபடியும் வெள்ளை.

"பழைய இரும்புக்குப் போட்டுடுவேன்!" என்று எட்வின் மெஷினை அறைந்தார்.

தலை கண்ணின்மேல் பாய்ந்தது. "இருக்குன்னு சொன்னியே, பாவி!"

"இருக்கே! நீ சொல்றதை வாங்கிக்குதான்னு பார்க்க எனக்குத் தெரியாதுப்பா."

சுருள் கொட்டாவி விட்டது. "சூட்டுல கறுக்குற மருந்து எனக்கு ஒரு பக்கம்தான் தடவியிருக்கு. நான் முதுகைக் காட்டிட்டு உட்கார்ந்திருக்கேன். நீ எவ்வளவு கொதிச்சாலும் ஏறாது."

அடுப்படியிலிருந்து வந்த எட்வின் மனைவி ஸ்டெல்லா, சுருளைக் கழற்றித் திருப்பி மாட்டினாள். எழுத்து கருகருவென்று வந்தது.

"மைதா தீர்ந்துபோச்சு. சாயங்காலத்துக்குள்ள வாங்கிட்டு வந்துடுங்க, என்ன?" என்றாள்.

"ம்" என்றார் எட்வின், போனைப் பார்த்தபடியே.

"ஆள் இருக்கு" என்றது கண்.

தலை பெருமூச்சு விட்டது. "இவரையும் அந்த அம்மா கழற்றித் திருப்பி மாட்டினா தேவலை."