எங்கிருந்து கேட்கலாம்?

ஓய்வு பெற்ற மறுநாள் காலை, ரமணகுமார் மெதுவடைத் தட்டோடு சோபாவில் உட்கார்ந்தார். நாற்பது வருடம் ஓடி முடிந்த 'வியாழன் வாசல்' ஒலி நாடகத்தை இனிமேலாவது கேட்டுவிட வேண்டும்.

"மொத்தம் ஒன்பதாயிரம் பாகமாமே. தினம் ஒண்ணு கேட்டா எங்கேருந்து ஆரம்பிக்கலாம்?" என்று செயலியிடம் கேட்டார்.

அது அவருடைய உடல்நிலையை அளக்கும் மணிக்கட்டுப் பட்டையைப் படித்துப் பார்த்தது. "ஆறாயிரமாவது பாகத்துலேருந்து கேளுங்க சார். அப்பத்தான் முடிவு வரைக்கும் கேக்க முடியும்."

ரமணகுமாருக்கு வடை தொண்டையில் நின்றது.

அவர் மனைவி ஷர்மிளா சிரித்துக்கொண்டே தன் மணிக்கட்டை நீட்டினாள்.

"நீங்க முதல் பாகத்துலேருந்தே கேக்கலாம் மேடம். நிதானமா."

"அதெப்படி? ஒரே வீட்டுச் சாப்பாடுதானே ரெண்டு பேருக்கும்!" என்று ரமணகுமார் குதித்தார்.

"நான் தினம் நடக்கிறேன். நீங்க நான் நடக்கிறதைப் பாக்கிறீங்க."

ரோஷம் வந்து, நாலு மாடியும் ஓடி ஏறி இறங்கி வந்து மறுபடி மணிக்கட்டை நீட்டினார்.

"இப்ப ஆறாயிரத்து இருநூறு சார். மூச்சு வாங்குது, உக்காருங்க."

மனமொடிந்து உட்கார்ந்தவர் இரண்டாவது வடையை எடுத்தார். ஷர்மிளா பக்கத்தில் வந்து அமர்ந்தாள்.

"எனக்கும் அவரோட பாகத்துலேருந்தே போடுப்பா, சேந்து கேக்கறோம்" என்று செயலியிடம் சொன்னாள். பிறகு கணவர் பக்கம் திரும்பினாள். "பழைய பாகமெல்லாம் அப்புறமா நான் தனியா கேட்டுக்கறேங்க. எனக்குத்தான் நேரம் இருக்கே."

ரமணகுமார் வடையைத் தட்டிலேயே திரும்ப வைத்தார்.

"சாயங்காலம் எத்தனை மணிக்கு நடக்கப் போவே?"