ராணி திரும்பி வந்தாளா?

"குழந்தையை விட்டுட்டுப் போன ராணி போனவதான். அதோட கதை முடிஞ்சுது!" என்றார் வாசகர் வட்டத் தலைவியான டீச்சர், மூன்றாவது முறையாக.

"இல்லீங்கம்மா, திரும்பி வந்து பிள்ளையைத் தூக்கிக்கிறா" என்றார் இன்று புதிதாக வந்திருந்தவர், அசராமல்.

டீச்சருக்குத் தலை வெடித்தது. அடம்பிடித்து அவரே தேர்ந்தெடுத்த சரித்திர நாவல் அது. எல்லோரும் கர்சீப்பை நனைத்த முடிவை இந்த மனிதர் இப்படிக் கெடுக்கிறாரே!

"படிக்காமப் பேசாதீங்க ஐயா! இங்க ஆறு பேர் புத்தகத்துலயும் அவ திரும்பி வரலை."

"எப்படி வருவா?" அவர் பையிலிருந்து மெல்லிய காகிதக் கட்டுகளை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"நான் பைண்டிங் பண்றவன்மா. கடைசிப் பதினாறு பக்கத்தைச் சேர்க்காமலே தைச்சுட்டேன். கடைக்காரர்கிட்ட விலாசம் வாங்கி, மன்னிப்புக் கேட்கத்தான் வந்தேன். ஒரு மணி நேரமா நீங்க பேச விட்டாத்தானே!"