மூன்றாவது வரிசை ரசிகர்

“ஒரு இருமலைக்கூட எடுக்கக் கூடாதுன்னு பத்து வருஷமா என் உயிரை வாங்கினது யாரு அத்தான்?”

மைத்துனன் கேட்டதில் நியாயம் இருந்தது. பல் டாக்டர் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, ஒரு பழைய கச்சேரிப் பதிவிலிருந்து குறட்டையை அழித்துக்கொண்டிருந்தார். இது மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை.

கிளினிக்கின் பின்னறையில், பல்செட் அச்சுகளுக்குப் பக்கத்தில் முந்நூறு கேசட்டுகள். எல்லாம் ரசிகர்கள் மடியில் ரெக்கார்டரை வைத்துக்கொண்டு பதிவு செய்த கச்சேரிகள். டாக்டர் அவற்றைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவார். மைத்துனன் இணையத்தில் போடுவான். யார் வேண்டுமானாலும் கேட்கலாம். ஹாலில் கேட்டது கேட்டபடி இருக்க வேண்டும் என்பது டாக்டரின் கொள்கை. நாற்காலி கிறீச்சிட்டால் அதுவும் சரித்திரம்.

போன மாதம் ஒரு பெண் வந்தாள். பல் வலி இல்லை.

“அப்பா நாப்பது வருஷம் தபேலா வாசிச்சவர் டாக்டர். இப்ப பக்கவாதம். வலது கை வரல. பாட்டு இல்லாம, தான் தனியா வாசிச்சதை ஒரே ஒரு தடவை கேக்கணுமாம். வேற எதுவும் கேக்க மாட்டேங்கிறார்.”

“அவ்வளவுதானே? அவர் வாசிச்ச இருபத்தாறு கச்சேரி இருக்கும்மா” என்று டாக்டர் பெருமையாகச் சொல்லிவிட்டார்.

இருபத்தாறையும் ஓட்டிப் பார்த்தார்கள். பாட்டு நிற்கும். தபேலா தனியாக ஆரம்பிக்கும். ‘டக்’ என்று ஒரு சத்தம். அடுத்தது கைதட்டல். கேசட்டில் பாட்டுக்கே இடம் போதவில்லை என்று, தபேலாவின் முறை வந்ததும் எல்லாரும் ரெக்கார்டரை நிறுத்தியிருந்தார்கள். ஒருவர் விடாமல்.

“ரசனை கெட்ட ஜென்மங்க! ஒரு மனுஷன் உசிரைக் கொடுத்து வாசிக்கிறான், இவனுங்க டேப்பை மிச்சம் பிடிக்கிறானுங்க!” என்று டாக்டர் கொதித்தார்.

கடைசியில், பெயர் எழுதாத கேசட்டுகள் கிடந்த அட்டைப்பெட்டியில் ஒன்று அகப்பட்டது. தபேலா முழுசாக இருந்தது. பதினேழு நிமிடம். கூடவே குறட்டையும் பதினேழு நிமிடம். ரெக்கார்டருக்கு மேடையைவிட மூக்குதான் பக்கம்.

“பதிவு பண்ண வந்தவன் தூங்கிட்டான்!” மைத்துனன் விழுந்து விழுந்து சிரித்தான். “யாரு அத்தான் இது?”

“யாரோ ஒரு தூங்குமூஞ்சி.” டாக்டர் சிரிக்கவில்லை.

அன்றைக்கு ஆரம்பித்ததுதான் இந்த அழிக்கிற வேலை.

“அப்படியே கொடுத்தா என்ன? குறட்டையும் சரித்திரம்தானே?” என்று மைத்துனன் விடாமல் நச்சரித்தான்.

“வாசிச்சவர் காதுல அது விழக் கூடாதுடா.”

ஒருவழியாகக் குறட்டை ஒழிந்தது. சாயங்காலமே இருவரும் தபேலாக்காரர் வீட்டுக்குப் போனார்கள். கட்டில் பக்கத்தில் லேப்டாப்பை வைத்து ஓட்டினார்கள். பெரியவர் கண்ணை மூடிக்கொண்டார். இடது கை விரல்கள் மட்டும் போர்வைமேல் தட்டிக்கொண்டே இருந்தன. முடிந்ததும் அழுதார். மகளும் அழுதாள்.

“இது எந்தக் கச்சேரின்னு தெரியுது” என்றார். “நான் ஆரம்பிச்சதும் எல்லாரும் டீ குடிக்க எழுந்து போயிட்டாங்க. எப்பவும் அப்படித்தான், முடியுற நேரத்துக்கு வந்து கை தட்டுவாங்க. சுருக்கமா முடிச்சுடலாம்னு பார்த்தேன். மூணாவது வரிசையில ஒருத்தர் மட்டும் போகல. கண்ணை மூடி, தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கிட்டிருந்தார். அவர் ஒருத்தருக்காகத்தான் அவ்வளவு நேரம் வாசிச்சேன். அப்படி வேற எங்கயும் வாசிச்சதில்ல. அவர் யாருன்னுதான் கடைசி வரைக்கும் தெரியல.”

மைத்துனனுக்குச் சிரிப்பு தொண்டை வரை வந்துவிட்டது. டாக்டர் அவன் காலை ஓங்கி மிதித்தார்.

“நான்தாங்க அது” என்றார்.

பெரியவர் இடது கையால் அவர் கையை எட்டிப் பிடித்தார். வெகுநேரம் விடவில்லை.

தெருவுக்கு வந்ததும் மைத்துனன் காலைத் தேய்த்துக்கொண்டே சொன்னான்: “நல்ல காரியத்துக்குத்தானே, பொய் சொன்னா தப்பில்ல அத்தான்.”

“பொய்யில்லடா. அந்தக் குறட்டை என்னோடதுதான். முழிச்சிருந்தா நானும் ஆஃப் பண்ணியிருப்பேன்.”