மூன்றாவது கட்டம்

ஒரு ஸ்டூடியோ கணினிக்குள் கத்திரியும் வண்ண வாளியும் வேலை பார்த்துவந்தன. குரூப் போட்டோவிலிருந்து ஒரே ஒரு முகத்தை வெட்டச் சொன்னால், அந்த வீட்டில் யாரோ போய்விட்டார்கள் என்று இரண்டுக்கும் தெரியும். கத்திரி வெட்டும். வாளி பின்னால் நீல வானத்தை ஊற்றும். பெயரும் பிறந்த தேதியும் அடித்தால் மாலை தானாக வந்து விழும்.

அன்றைக்குத் தொழில் பழக வந்த பொற்கொடி, தன் அக்காவின் கல்யாணப் போட்டோவைத் திறந்தாள். பழகிப் பார்க்க, தன் முகத்தைச் சுற்றியே கோடு இழுத்தாள்.

கத்திரி தயங்கியது. "இந்தப் பொண்ணு நம்ம எதிர்லதானே உட்கார்ந்திருக்கு?"

"அதெல்லாம் நமக்கெதுக்கு? வழக்கமா செய்யறதைச் செய்," என்றது வாளி.

கத்திரி வெட்டியது. வாளி நீலத்தை ஊற்றியது. கீழே ஒரு கட்டம் திறந்து பெயரைக் கேட்டது. பொற்கொடி சந்தோஷமாக அடித்தாள். அடுத்த கட்டம் பிறந்த தேதியைக் கேட்டது. அதையும் அடித்தாள்.

படத்தின் மேல் மாலை விழுந்தது. மூன்றாவது கட்டம் திறந்து, மறைந்த தேதியைக் கேட்டது.

 பொற்கொடி அதை மூடப் பார்த்தாள், மூடவில்லை. வயரைப் பிடுங்கினாள். திரை முழுக்க இருண்டது. அந்தக் கட்டம் மட்டும் அணையவில்லை. அதற்குள் கர்சர் மினுக் மினுக்கென்று சிமிட்டிக்கொண்டிருந்தது.

"அவசரமே இல்லம்மா," என்றது கர்சர். "தேதி வந்ததும் நானே அடிச்சுக்கறேன்."