பாதிப் பேச்சு

தடதடவென்று பன்னிரண்டு தறிகளும் ஒரே மூச்சில் கிளம்பின. இரண்டு மணி நேரமாகப் போயிருந்த கரண்ட் வந்துவிட்டது.

அந்த நொடியோடு தறிக்கூடத்தில் காதுகளுக்கு வேலை இல்லை. இனி எல்லாப் பேச்சும் உதட்டசைவில்தான்.

சங்கரன்கோவிலில் விசைத்தறி ஓட்டுகிற யாருக்கும் இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. இந்த மூலையில் ஒருவர் வாயசைத்தால் அந்த மூலையில் இருப்பவர் சிரிப்பார். இசக்கிசெல்விக்குப் பதினான்கு வருடப் பழக்கம். எதிர்த்தறி மாரிராஜ் பாக்கை மென்றுகொண்டே முணுமுணுத்தால்கூட அவளுக்குப் புரிந்துவிடும்.

இப்போது அவள் கண் மாரிராஜ் பக்கம் இல்லை. கூடத்தின் ஓரத்தில் இருந்த கண்ணாடி அறையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதலாளி ஆறுமுகச்சாமி அங்கே உட்கார்ந்து சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டிருந்தார். எதிரே, கூடத்தில் எல்லாருக்கும் பழக்கமான பக்கத்துத் தெரு கிளினிக் நர்ஸ் ஜாய்ஸ். மேஜைமேல் ஐஸ் பெட்டி. ஃப்ளூ காய்ச்சலுக்குத் தடுப்பூசி.

ஏற்பாடு முதலாளியுடையதுதான். மழை தொடங்குவதற்குள் அத்தனை பேரும் ஊசி போட்டாக வேண்டும் என்று ஒரு வாரமாக ஒரே நச்சரிப்பு. யாரும் பிடிகொடுக்கவில்லை. கடைசியில் இன்று காலை மாரிராஜ்தான் அவரை மடக்கினான்.

"முதல்ல நீங்க போடுங்க அண்ணாச்சி. அதுக்குப் பிறகும் எங்களை இதே மாதிரி ஏசிக்கிட்டு இருந்தீயன்னா, நாங்களும் கையை நீட்டுதோம்."

"போட்டாப் போச்சு! ஊசியைக் கண்டு நடுங்க நான் என்ன உன்னை மாதிரியாலே?"

கூடமே சிரித்தது. இசக்கிசெல்வி சிரிக்கவில்லை.

இரண்டு மாதம் முன்பு இந்தக் காய்ச்சல்தான் அவள் நெஞ்சில் இறங்கியது. திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள், மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு கிடந்தாள். பஞ்சுத் தூசி குடித்த நெஞ்சு, இன்னொரு தடவை வந்தால் தாங்காது, மறக்காமல் ஊசி போட்டுக்கொள் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார்.

ஊசி போட்டாலே காய்ச்சல் வரும் என்கிறது தெரு. அப்படி வரும் காய்ச்சலும் நெஞ்சில் இறங்கிவிட்டால்?

போட்டாலும் பயம். போடாவிட்டாலும் பயம். யோசித்து யோசித்துக் கடைசியில் ஒன்று முடிவு செய்திருந்தாள். முதலாளி போட்டுக்கொண்டால் தானும் போட்டுக்கொள்வது.

அதனால்தான் அவள் கண் அந்த அறையைவிட்டு நகரவில்லை.

ஜாய்ஸ் ஊசியை எடுத்தாள். ஆறுமுகச்சாமி சட்டென்று நாற்காலியைத் திருப்பிப் போட்டு, கூடத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.

இசக்கிசெல்வி நிமிர்ந்தாள். தறிக்காரர் முதுகைக் காட்டிப் பேசினால் ரகசியம் பேசுகிறார் என்று அர்த்தம்.

ஆனால் எதிரே இருந்த பீரோவின் கண்ணாடியை மனிதர் மறந்துவிட்டார். அதில் அவர் முகம் பளிச்சென்று தெரிந்தது.

மருந்து வேண்டாம்மா, என்றன அந்த உதடுகள். சும்மா ஊசியைக் காட்டிட்டுப் பஞ்சை ஒட்டி விடுங்க.

ஜாய்ஸ் அவர் காதருகே குனிந்து ஏதோ கேட்டாள். அவள் முகத்தில் மாஸ்க். புருவம் மட்டும் ஏறி இறங்கியது.

அதெல்லாம் அவங்களுக்குத் தெரிய வேண்டாம்.

மறுபடி மாஸ்க் அசைந்தது.

சொன்னா என் மானம் போயிரும்மா.

நூல் அறுந்து தன் தறி நின்றுபோனதைக்கூட இசக்கிசெல்வி கவனிக்கவில்லை.

ஊருக்கெல்லாம் ஊசி, இவருக்கு வெறும் பஞ்சா?

ஆறுமுகச்சாமி கையில் பஞ்சை அழுத்திப் பிடித்தபடி வெளியே வந்தார். எறும்பு கடித்த மாதிரிகூட இல்லை என்று பன்னிரண்டு தறிக்கும் தெரிகிற மாதிரி வாயை அகலத் திறந்து அசைத்தார். பிறகு மார்பை நிமிர்த்திக்கொண்டு வாசல் பக்கம் போய்விட்டார்.

மாரிராஜ் எதிர்த்தறியிலிருந்து புருவத்தை உயர்த்தினான். யக்கா, உனக்குத்தான் அங்கன நல்லாத் தெரியுமே, குத்துனாரா?

அவனுக்குப் பின்னால் இருந்தவர்களும் திரும்பினார்கள். அத்தனை கண்ணும் அவள் உதட்டில்.

இல்லை என்று ஒரு வார்த்தை அசைத்தால் போதும். இன்றைக்கு ஒருவர்கூட அந்த அறைப் பக்கம் போகமாட்டார்கள். அவளும்தான்.

வாய்வரை வந்துவிட்டது. ஆனால் எதுவோ தடுத்தது.

அவள் பார்த்தது பாதிப் பேச்சுதான். அந்தப் பெண் என்ன கேட்டாள்? பயப்படுகிற மனுஷன் வேண்டாம் என்று விட்டுவிட வேண்டியதுதானே, எதற்கு இத்தனை பேருக்கும் சொந்தச் செலவில் வாங்கி வைத்திருக்கிறார்? மானம் போகிற அளவுக்கு அங்கே என்ன இருக்கிறது?

கோபத்தைவிட அதைத் தெரிந்துகொள்ளும் அரிப்புதான் பெரிதாக இருந்தது. மாரிராஜுக்குப் பொறு என்று கையைக் காட்டிவிட்டு விறுவிறுவென்று கண்ணாடி அறைக்குப் போய், ஜாய்ஸின் காதருகே குனிந்தாள்.

"நீங்க மருந்தே ஏத்தல. நான் பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன். எதுக்கு அவருக்கு மானம் போவுது?"

ஜாய்ஸ் திடுக்கிட்டு வாசலை எட்டிப் பார்த்தாள். முதலாளி இல்லை. ஏதோ சொன்னாள். தறிச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை.

இசக்கிசெல்வி தன் உதட்டைத் தொட்டுக் காட்டி, மாஸ்க்கை இறக்கச் சொல்லிச் சைகை செய்தாள்.

ஜாய்ஸ் ஒரு கணம் தயங்கினாள். பிறகு மாஸ்க்கை இறக்கினாள். சத்தமே எட்டவில்லை. ஆனால் ஒவ்வொரு வார்த்தையும் தெளிவாகத் தெரிந்தது.

"அவர் ஏற்கெனவே போட்டாச்சுக்கா. உங்களைப் பார்க்க ஆஸ்பத்திரிக்கு வந்தவர், நீங்க மூச்சுக்குத் தவிச்சதை வாசல்ல நின்னு பார்த்துட்டு உள்ளே வரவே பயந்து, கீழே போய் ஊசியைப் போட்டுக்கிட்டு பஸ் ஏறிட்டாராம்."