அடுப்புக்கல்

குடும்பம் மலையேறி வந்து குடியேறிய நாளில், வருடா வருடம், பூட்டன் எழுதிய நோட்டின் முதல் பக்கத்தை வாசித்துவிட்டுத்தான் அந்த வீட்டில் இலை போடுவார்கள். "நாங்கள் வந்தபோது இங்கே மனுச வாடையே இல்லை. வெறும் காடு." அதோடு நோட்டை மூடிவிடுவது வழக்கம். இந்த முறை பெரியப்பாவுக்குக் கண் மங்கிவிட்டதால் பேச்சிக்கனி வாசித்தாள். பழக்கமில்லாத கை, பக்கத்தைப் புரட்டிவிட்டது.

"வந்ததும் கஞ்சி காய்ச்சப் போனோம். அடுப்புக்கல் மூன்றும் அங்கேயே கிடந்தன. தொட்ட கை சுட்டுவிட்டது."

அவளுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. இரண்டு பக்கத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். ஒரே கையெழுத்துதான்.

"பெரியப்பா, யாருமே இல்லன்னா கல்லு எப்படிச் சுடும்?"

"மூடி வை தாயி. சோறு ஆறுது."

அவர் தட்டுத் தடுமாறிப் போய், முதல் இலையை வேலிக்கு வெளியே வைத்துவிட்டு, காடு இருந்த பக்கம் திரும்பிக் கும்பிட்டார்.

"வாங்க சாமி, வந்து பசியாறுங்க. எங்க மேல கோவப்படாதீங்க."

பூட்டனைத்தான் கூப்பிடுகிறார் என்று பேச்சிக்கனி இத்தனை வருடமும் நினைத்திருந்தாள். பூட்டனைப் புதைத்தது வீட்டுக்குப் பின்னால், வேலிக்கு உள்ளே.