எங்க ஆளு

பஸ்ஸில் முன் சீட்டில் இருந்த அவள் பக்கத்தில் மட்டும் யாரும் உட்காரவில்லை.

பின்னால் ஒரே கும்மாளம்.

"டேய் மொட்டை, நீயாடா இது? குரலைக் கேட்டா ஆறடி ஆளுன்னு நெனச்சேன்!"

"போடி, உன் குரலைக் கேட்டு நாங்க ஏமாறலையா?"

இரண்டு வருடம் போனிலேயே சேர்ந்து படித்த வகுப்பு அது. படிப்பு முடிந்த சந்தோஷத்தில், நேரில் பார்த்தே இராதவர்கள் ஆளுக்கொரு ஊரிலிருந்து விமானம் ஏறி இந்த அந்நிய தேசத்தில் வந்து கூடியிருந்தார்கள்.

வகுப்பில் அவள் வாயைத் திறந்ததில்லை, கேமராவையும் போட்டதில்லை. வாத்தியார் பாடத்தை இழு இழு என்று இழுக்கும்போது "ஆ..." என்று எழுதி அனுப்புவாள். எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அப்படி வந்த பட்டப்பெயர்தான் கொட்டாவி.

அந்தப் பெயரை அவர்கள் ஒருமுறை நேரில் கூப்பிடக் கேட்கத்தான் வந்திருந்தாள்.

விமான நிலையத்தில் இறங்கியதும், அவளோடு அதே விமானத்தில் வந்த வழிகாட்டியின் பெட்டியைக் காணவில்லை. "இதைக் கொஞ்சம் பிடிங்கம்மா. எல்லாரும் வந்ததும் பஸ்ல போயிட்டே இருங்க, நான் பின்னாடியே வந்துடறேன்" என்று மஞ்சள் கொடியை அவள் கையில் திணித்துவிட்டு ஓடினார். அதன்பின் ஒவ்வொருவராக வந்தார்கள். அவளைப் பார்த்து மரியாதையாகச் சிரித்தார்கள். அவ்வளவுதான்.

கொட்டாவி இவ்வளவு வயதானவளா என்று, காதோர நரையைப் பார்த்து ஏமாந்துபோயிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

"மேடம், ரூம்ல வெந்நீர் வருமா?" என்று ஒருத்தி வந்து கேட்டாள்.

"வரும்னுதான் நினைக்கிறேன்மா. நீ எந்த ஊர்லேர்ந்து..."

கேட்டவள் அதற்குள் பின்னால் போய்விட்டாள்.

ஓட்டலுக்குப் போனதும் மகள் போன் செய்தாள். "எல்லாரும் நல்லாப் பேசினாங்களாம்மா?"

"பேசினாங்கடி. விடவே மாட்டேங்கறாங்க." சட்டென்று போனை வைத்தாள்.

சாயங்காலம் சாப்பாட்டுக் கூடத்தில் நீள மேசை நிறைந்திருந்தது. ஒரு நாற்காலி மட்டும் காலி. துணிச்சலை வரவழைத்துக்கொண்டு தட்டோடு போனாள்.

மொட்டை அந்த நாற்காலியின் மேல் கையை வைத்தான். "சாரி மேடம், இது எங்க ஆளுக்கு."

முகம் சுண்டிப்போக, மூலையில் தனியாகப் போய் உட்கார்ந்தாள். காலையில் ஊர் திரும்ப விமானம் இருக்கிறதா என்று போனில் தேட ஆரம்பித்தாள். எழுத்தெல்லாம் கண்ணீரில் கலங்கித் தெரிந்தது.

யாரோ எதிரில் வந்து நிற்பது போலிருந்தது. நிமிர்ந்தாள். மொட்டை. அவனுக்குப் பின்னால் மேசை முழுக்க வெறும் தட்டுகள்.

"கோச்சுக்காதீங்க மேடம். ஒரு பொண்ணு இன்னும் வரல. அவ வராம யாரும் சாப்பாட்டுல கை வைக்க மாட்டேங்கறாங்க. நீங்கதானே கொடியைப் பிடிச்சுக்கிட்டு எல்லாரையும் கூட்டிட்டு வந்தீங்க..."

"யாரு... யாரு வரல?"

"எங்க கொட்டாவியை எங்கே விட்டுட்டு வந்தீங்க?"